இறங்கி வந்தவர்

'இஸ்திரி' வீடு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்கிறாராம். சேதி கொண்டுவந்தவர், துவைக்கும் மிஷினை ஓட்டுகிற அண்ணன்.

துணி மடிக்கும் மேசை முன் நின்றவளுக்குச் சிரிப்புதான் வந்தது.

அந்த ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் பதினோரு வருஷமாகச் சூப்பர்வைசர் அந்த அம்மா. கிட்டப் போனாலே சுடும் என்பதால் 'இஸ்திரி' என்று பட்டப்பெயர். ஒரு தலையணை உறையில் சுருக்கம் இருந்தால் போதும், மொத்தக் கட்டையும் தரையில் கொட்டி முதலிலிருந்து மடிக்கச் சொல்வார்.

அப்பேர்ப்பட்டவர் ஏதோ ஒரு சபைக்குப் போக ஆரம்பித்து, ஞானஸ்நானமும் எடுத்துக்கொண்டு, மூன்று மாதமாகக் குரலையே உயர்த்துவதில்லை.

முன்பு சண்டை போட்டு வேலையை விட்டுப்போன தையல்காரம்மாவின் வீட்டைத் தேடிப் பிடித்து மன்னிப்புக் கேட்டாராம். அவரால் வேலை போன வண்டி ஓட்டுநரிடமும் கேட்டாராம். அந்த மனுஷன் வாசலிலேயே வைத்துத் திட்டி அனுப்பியும், மறுவாரம் மறுபடி போனாராம்.

"நமக்குத்தான் இன்னும் முறை வரல" என்று மிஷின் அண்ணன் கண்ணடித்தார்.

அவளுக்குச் சுருக்கென்றது. போனவர்களுக்கெல்லாம் மன்னிப்பு. கண்ணெதிரே நாள் முழுக்க நிற்கிறவளுக்கு ஒரு வார்த்தை கிடையாதா?

இரண்டு வருஷத்துக்கு முன், அப்பாவுக்கு மூச்சு இழுக்கிறது என்று தம்பி போன் செய்தபோது, அரை நாள் லீவு கேட்டு அந்த அம்மாவின் நாற்காலி முன்னால் நின்றாள்.

"உங்க வீட்ல மாசத்துக்கு ஒருத்தருக்கு உயிர் போகும். அதுக்கு நான் என்ன பண்றது? இந்த லோடை முடிச்சிட்டுப் போ."

முடித்தாள். நாற்பது பெட்ஷீட். வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது அப்பாவின் தாடையைத் துணியால் கட்டியிருந்தார்கள்.

கோபித்துக்கொண்டு வேலையை விட அவளுக்கு வழியில்லை. ஒன்பதாம் நாள் வந்து அதே மேசை முன் நின்றாள்.

மிஷின் அண்ணன் சேதி சொன்னதற்கு அடுத்த திங்கட்கிழமை காலை சூப்பர்வைசர் நாற்காலியில் வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்கள். இஸ்திரி மற்றவர்களைப் போல நீல ஏப்ரன் கட்டிக்கொண்டு, ஈரத்துணிக் கூடையைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

கூடமெங்கும் குசுகுசுப்பு. ஸ்டோரில் ஏதோ குறைந்ததாம், மாட்டிக்கொண்டாராம், அதனால்தான் இறக்கிவிட்டார்களாம். ஆளுக்கொன்று சொன்னார்கள். அவளுக்கு எதைக் கேட்டாலும் தித்தித்தது.

பெரிய பெட்ஷீட்டை ஒற்றை ஆளாக மடிக்க முடியாது. புது சூப்பர்வைசர், இஸ்திரியை அவளுக்கு எதிரே நிற்க வைத்தார்.

ஆளுக்கு இரண்டு முனை. இழுத்துப் பிடித்து, எதிரெதிரே நடந்து வந்து, முனையோடு முனை சேர்த்து, மறுபடி பின்வாங்க வேண்டும். பதினோரு வருஷம் அதட்டியே வேலை வாங்கியவரின் கைகளுக்கு மடிக்க வரவில்லை. கோணல் கோணலாகப் போயிற்று. அவள் வேண்டுமென்றே சொல்லிக் கொடுக்கவில்லை.

ஒரு மணி நேரம் போயிருக்கும். முனை சேர்க்க நெருங்கி வந்தபோது, இஸ்திரி தணிந்த குரலில் பேசினார்.

"அன்னிக்கு உங்க அப்பா உயிரோட இருக்கும்போதே நீ போயிருக்கலாம். தடுத்தது நான்தான். போதாக்குறைக்கு அப்படி ஒரு வார்த்தையும் சொன்னேன். அதுக்குச் சாக்கு எதுவும் எங்கிட்ட இல்ல. என்னை மன்னிப்பியாம்மா?"

இரண்டு வருஷமாக மனசுக்குள் எத்தனையோ பதில் சொல்லிப் பார்த்திருக்கிறாள். வாயில் வந்தது இதுதான்.

"நாற்காலி போனப்புறம்தான் என் ஞாபகம் வந்துச்சா? முடியாது."

சொன்ன கையோடு ஓரடி பின்வாங்கினாள். பழைய பயம்.

அந்த முகம் சிவக்கும் என்று பார்த்தாள். சிவக்கவில்லை. அழுது கெஞ்சும் என்று பார்த்தாள். அதுவுமில்லை. கண் மட்டும் கலங்கியிருந்தது. மற்றபடி அந்த முகம், பாரத்தை இறக்கி வைத்த ஆளின் முகம்போலத் தெளிந்து கிடந்தது.

"சரிம்மா. அது உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டு, அடுத்த பெட்ஷீட்டின் இரண்டு முனைகளை எடுத்து நீட்டினார்.

அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. ஒரு சுருக்கத்தைப் பொறுக்காதவர், முகத்துக்கு நேரே 'முடியாது' என்றதை வாங்கிக்கொண்டு இப்படி நிற்கிறாரே. இது எங்கிருந்து வந்தது?

பத்து பெட்ஷீட் மடித்த பிறகும் மனசு கேட்கவில்லை. எதற்காக இறக்கினார்கள், உண்மையைச் சொல்லுங்கள் என்றாள்.

"யாரும் இறக்கலம்மா. நான்தான் எழுதிக் கொடுத்து இந்த வேலையை வாங்கிக்கிட்டேன்."

முனை சேர்க்க நடந்து வந்த அவள் பாதியிலேயே நின்றாள்.

"ஜெபத்துல உக்காந்தா உன் முகம்தான் வந்து நிக்கும். கேட்டுடலாம்னு எத்தனையோ தடவை உன் மேசை வரைக்கும் வந்தேன். தன்னோட சீடருங்க காலைக் கழுவணும்னு ஆண்டவரே தரையில இறங்கி உக்காந்தார். நான் சூப்பர்வைசரா இருந்துக்கிட்டுக் கேட்டா, நீ என்ன சொல்லியிருப்ப? 'பரவாயில்லீங்க மேடம்'னுதானே? அது மன்னிப்பா?"

இஸ்திரி முனைகளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு அவளைப் பார்த்தார்.

"'முடியாது'ன்னு நீ சொன்னப்போதான்மா எனக்கு நிம்மதி வந்துச்சு. என்கிட்ட பயப்படாம சொல்லிட்டியே."