பட்டியலில் மீதி ஒன்று

“இன்னிக்கும் தெரியலையா?” என்று கேட்டாள் ஷர்மினி.

கோகிலன் தொலைநோக்கியிலிருந்து கண்ணை எடுத்து உதட்டைப் பிதுக்கினான். “ம்ஹூம். மேகம் ஏதோ மறைக்குது.”

“மேகமா? எங்க?”

அவள் அண்ணாந்து பார்த்தாள். பாலிக் புலாவ் கடற்கரைக்கு மேலே ஜனவரி வானம் கழுவித் துடைத்த மாதிரி இருந்தது. ஜார்ஜ்டவுன் நகர வெளிச்சமெல்லாம் மலைக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டது.

இருவரும் வானியல் சங்கத்தில் பழக்கமானவர்கள். அவன் பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் பொறியாளர். அவள் தீவை விட்டுக் கடல் பாலம் தாண்டினால் வரும் புக்கிட் மெர்தாஜாமில் ஆசிரியை. மெஸ்ஸியர் என்ற வானியல் பட்டியலில் இருக்கும் நூற்றுப் பத்தையும், நட்சத்திரக் கூட்டமோ நெபுலாவோ கேலக்ஸியோ, சேர்ந்தே பார்த்து முடிப்பது என்று ஆரம்பித்தவர்கள். இருவர் கண்ணிலும் பட்டால்தான் கணக்கு. எல்லாம் முடிந்து, மீன ராசியில் மங்கலாக ஒளிந்திருக்கும் எம் எழுபத்துநான்கு மட்டும் மூன்று வருடமாகப் பாக்கி.

“இந்த வருஷம் முடிச்சே ஆகணும், கோகிலன். லிஸ்ட் முடியுற வரைக்கும் கல்யாணப் பேச்சே எடுக்காதீங்கன்னு அம்மாகிட்ட சொல்லி வச்சிருக்கேன். அவங்க பிறை ஊர்ல மாப்பிள்ளை பார்த்துட்டு, அந்தப் பாழாப்போன எழுபத்துநாலு எப்பத்தான் தெரியும்னு கேட்டு உசுர வாங்குறாங்க.”

“மாப்பிள்ளை என்ன பண்றாரு?”

“கப்பல் கம்பெனியில மேனேஜராம். சொந்த வீடு, ஓட்டுறதுக்குப் பெரிய காடி.”

“ஓ,” என்றான் கோகிலன். குனிந்து தொலைநோக்கியைக் கொஞ்சம் சரிசெய்துவிட்டு விலகி நின்றான். “நீங்களே பாருங்க. எனக்கு ஒண்ணும் அகப்படல.”

ஷர்மினி கண்ணை வைத்தாள். வெகுநேரம் அசையவில்லை. கோகிலன் ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்தபடி கடலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“தெரியுது,” என்றாள்.

பாட்டு நின்றது. “என்ன தெரியுது?”

“எழுபத்துநாலுதான். லேசா, மாவ ஊதிவிட்ட மாதிரி. நல்லாவே தெரியுது.”

“சரியா பாருங்க. வேற எதாச்சும் இருக்கும்.”

“இல்லலா, அதேதான். அப்பாடா, முடிஞ்சது.” அவள் கைப்பேசியை எடுத்து எண்ணைத் தட்டினாள். “அம்மா? லிஸ்ட் முடிஞ்சிருச்சும்மா…”

“முடியல,” என்றான் கோகிலன்.

“என்ன முடியல?”

“அது அங்க தெரியவே தெரியாது. அங்க வெறும் வானம்தான் இருக்கு.”

“எப்படி அவ்வளவு உறுதியா சொல்றீங்க?”

கோகிலன் செருப்பால் மணலைக் கீறினான். “நான்தான் டெலஸ்கோப்ப நகர்த்தி வச்சேன்.”

“எதுக்கு?”

“எனக்கு மொதல்லயே தெரிஞ்சிருச்சு. நல்லாவே தெரிஞ்சுது. உங்களுக்கும் தெரிஞ்சா லிஸ்ட் முடிஞ்சிரும். அப்புறம் நீங்க ஏன் பாலம் தாண்டி வரப்போறீங்க?” ஒரு மூச்சு விட்டான். “நீங்க அந்த மேனேஜரைக் கட்டிக்க வேண்டாம், ஷர்மினி. என்னைக் கட்டிக்குங்க.”

அலை வந்து திரும்பியது. ஷர்மினி கைப்பேசியை அவன் பக்கம் நீட்டினாள்.

“எல்லாம் கேட்டுச்சு தம்பி,” என்றது உள்ளிருந்து ஓர் அம்மாவின் குரல். “பிறைக்காரங்ககிட்ட நான் பேசிக்கிறேன். நீங்க உங்க அப்பா அம்மாவ அழைச்சிட்டு வாங்க.”

கோகிலனுக்குக் காது வரை சூடேறியது. அவள் போனை வைத்ததும் தலையைக் குனிந்துகொண்டான். “மன்னிச்சிருங்க. மூணு வருஷமா இப்படி நகர்த்தி நகர்த்தி உங்கள ஏமாத்திட்டேன். வாங்க, இப்ப நிஜமாவே காட்டுறேன்.”

“வேணாம்,” என்று சிரித்தாள் ஷர்மினி. “மொத வருஷமே நீங்க தே தாரேக் டீ வாங்கப் போனப்ப நான் அதப் பார்த்துட்டேன்.”