அதை மட்டும் தொடாதே

மச்சினன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்ததிலிருந்து அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. இஸ்திரி போட்ட சட்டை முதுகில் ஈரமாக ஒட்டிக்கொண்டது.

"எல்லாத்தையும் யானை யானையா ஏத்தி வெச்சிருக்கீங்க மாமா. படம் பார்க்க இவ்வளவு பெரிய சாஃப்ட்வேர் எதுக்கு? சின்னதா வேற போடறேன். வைரஸ் தடுக்கறதையும் மாத்திடறேன், பாதி மிஷினை அதுதான் தின்னுது."

"சீக்கிரம் முடிப்பா. எனக்கு மீட்டிங் இருக்கு."

கனமானவை ஒவ்வொன்றாகப் போய், அந்த இடத்தில் லேசானவை வந்தன. கம்ப்யூட்டர் வேகம் பிடிக்கப் பிடிக்க அவர் திரையை நெருங்கி வந்தார்.

"இருக்கறதிலேயே பெரிசு இதுதான் மாமா. உங்க ஆபீஸ் சாஃப்ட்வேர்."

"அதை மட்டும் தொடாதே." நினைத்ததைவிடக் குரல் உரக்க வந்துவிட்டது. "அது இல்லேன்னா எனக்கு வேலையே ஓடாது."

"சரி, எடுக்கலை. சும்மா பார்க்கறேன்." மச்சினனின் கை மவுஸில் நின்றது. "கடைசியாத் திறந்தது மூணு மாசத்துக்கு முன்னாடின்னு காட்டுதே மாமா?"

அவர் மவுஸை வாங்கக் கை நீட்டுவதற்குள், சாத்தியிருந்த கதவைத் திறந்துகொண்டு மனைவி உள்ளே வந்தாள்.

"அதையும் எடுத்துடுடா" என்றாள் தம்பியிடம். "அந்த வேலை போய்தான் மூணு மாசமாச்சே."

பிறகு அவர் பக்கத்தில் வந்து நின்றாள்.

"நேத்து வேற வேலைக்கு விண்ணப்பம் அனுப்பறப்போ மிஷின் நின்னுபோச்சுன்னு உள்ளே தனியாப் புலம்பினீங்களே, அதுக்குத்தாங்க இவனை வரச் சொன்னேன்."