வெளியேறிய நேரம்

மாடசாமி இறந்து நாற்பது நாள் ஆகியிருந்தது. கல்லூரிக் குவார்ட்டர்ஸைக் காலி செய்து பிள்ளைகளோடு ஊருக்குப் போக, நூலகத்தில் பாக்கி இல்லை என்ற சான்று அவர் மனைவி இசக்கியம்மாளுக்கு வேண்டியிருந்தது.

நூலகக் கட்டடத்துக்கு ஒரே வாசல். புத்தகம் திருட்டுப் போகக்கூடாதென்று ஜன்னல்களைச் சாண் அகலத்துக்கே வைத்திருந்தார்கள்.

"புத்தகம் பாக்கியில்லைங்க," என்றார் நூலக ஊழியர் சக்கரபாணி, வருகைப் பதிவேட்டைத் திருப்பியபடி. "சார் உள்ள போனதுக்குக் கையெழுத்து இருக்குது. வெளிய வந்ததுக்கு இல்லியே."

"செத்தவரு எப்படிங்க வந்து போடுவாரு?"

"உள்ளதான் இருப்பாரு. போய்க் கூட்டியாங்க." அவர் சிரிக்கவில்லை.

அவள் பதிவேட்டில் தன் பெயரை எழுதிவிட்டு உள்ளே போனாள். இரும்பு அலமாரிகளின் கடைசி வரிசைவரை தேடினாள். யாருமில்லை.

திரும்பி வந்தபோது வாசல் கிரில் பூட்டியிருந்தது. பதிவேட்டில் மாடசாமியின் பெயருக்கு நேரே, வெளியேறிய நேரம் பன்னிரண்டு என்று அவருடைய சாய்ந்த எழுத்தில் இருந்தது. மை காயவில்லை.

ஜன்னலில் முகத்தை அழுத்திக்கொண்டு கூப்பிட்டாள். வெளியே சக்கரபாணி சைக்கிளைத் தள்ளிக்கொண்டிருந்தார். அவரோடு நடந்த மாடசாமி, சான்றை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். இருவரும் திரும்பவில்லை.

"வூட்டுக்குத்தானுங்களா?"

"ஆமாய்யா. பிள்ளைகள ஊருக்குக் கூட்டிட்டுப் போவணும்லா."