தள்ளிக்கோ

தண்ணீர் லாரி சேலையூர்ச் சந்துக்குள் ரிவர்ஸில் வந்துகொண்டிருந்தது. வாசலில் தரைக்கடித் தண்ணீர்த் தொட்டியான சம்ப்பின் மூடிமேல் ஜோசலின் குப்புறப் படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்தாள்.

சண்டே ஸ்கூலில் கொடுத்த புத்தகம். 'தாத்தா செய்தார், அம்மா செய்கிறார், நானும் செய்வேன்.' பக்கத்துக்குப் பக்கம் யாராவது யாருக்காவது முறுக்குச் சுற்றக் கற்றுக்கொடுத்துச் சிரித்தார்கள். கடைசிப் பக்கம் மட்டும் காலி. உன் வீட்டுப் பழக்கத்தை நீயே எழுதி வரை.

"யக்கா, மூடிய தொறங்க. இன்னும் நாலு வூடு கீது," என்றான் லாரி ஓட்டும் குமரவேல்.

ஜெரூஷா மகளை எழுப்பிவிட்டு, குனிந்து மூடியில் மூன்று முறை தட்டினாள். அப்பாவின் பழக்கம். கரப்பான் ஓடுவதற்கு என்பார். மகளிடமும் அதையே சொல்லி வைத்திருந்தாள்.

"அதத்தான்மா எழுதியிருக்கேன்."

ஜெரூஷா வாங்கிப் பார்த்தாள்.

'சம்ப் திறக்கும் முன் மூன்று தட்டு தட்டுவோம். பிறகு, தள்ளிக்கோ ரூபி என்று சொல்லுவோம்.'

மூடியின் கைப்பிடியிலிருந்து அவள் கை தானாக விலகியது.

அப்பாதான் அப்படிச் சொல்லுவார், வாளி தலையில் இடித்துவிடும் என்பதுபோல. ஜெரூஷா ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. மனதுக்குள் மட்டும். ஜோசலின் பிறக்கும் முன்பே அப்பா செத்துவிட்டார்.

அக்கா ரூபியின் போட்டோகூட வீட்டில் கிடையாது. யாரோ மூடியைத் திறந்து போட்டிருந்த அந்த மத்தியானத்துக்குப் பிறகு, அம்மா எல்லாவற்றையும் எரித்துவிட்டாள். அக்காவுக்கு அப்போது ஏழு வயது.

ஜோசலினுக்கு வருகிற ஞாயிற்றுக்கிழமை ஏழு.

படத்தில் நீலத் தண்ணீர். உள்ளே இரட்டைச் சடை போட்ட சிறுமி ஒருத்தி சுவரோரமாக ஒதுங்கியிருந்தாள். அவள் பக்கத்தில் மட்டும் நீலம் பூசவில்லை.

"இங்க ஏன்டி கலர் அடிக்கல?"

"நீ தள்ளிக்கோன்னு சொல்றப்பல்லாம் ரூபி கொஞ்சம் கொஞ்சமா நகர்ந்துட்டா. அது எனக்கு இடம்."

குமரவேல் ஹாரன் அடித்தான்.

ஜெரூஷா மூடியின் மேல் உட்கார்ந்துவிட்டாள். தண்ணீர் வேண்டாம், போங்கள் என்று கையை ஆட்டினாள். அவன் முணுமுணுத்துக்கொண்டே ஹோஸைச் சுருட்டினான்.

ஜோசலின் புத்தகத்தை மூடினாள். அம்மாவின் கால் பக்கத்தில் குந்தி, மூடியில் மெதுவாக மூன்று முறை தட்டினாள்.

"தள்ளிக்கோம்மா," என்றாள்.