நாற்பத்தைந்துக்கு மேல் இடமில்லை

"நாப்பத்தஞ்சு வயசுக்கு மேல இங்க சேர்க்க மாட்டோம்மா. எத்தனை தடவை சொல்றது?"

விடுதியின் வரவேற்பு மேசைக்கு இந்தப் பக்கம் நின்ற அம்மாளுக்கு ஐம்பத்தைந்தாவது இருக்கும். முதுகில் பெரிய பை, கையில் வெந்நீர் பிளாஸ்க், தலையெல்லாம் மழை.

சீனாவின் சோங்சிங் நகரில் மலிவான இளைஞர் விடுதிகள் எல்லாமே இப்படித்தான். வாடகை குறைவு, ஆனால் நரைத்தவர்களுக்கு இல்லை. குறட்டை விடுவார்கள், விளக்கை அணைக்கச் சொல்வார்கள், ஏதாவது ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது என்று ஆயிரம் காரணம் வைத்திருப்பார்கள்.

சோபாவில் ஈரக் காலுறையைப் பிழிந்துகொண்டிருந்த மெங்யாவுக்கு என்ன தோன்றியதோ, எழுந்து வந்தாள். அவளுக்கு இருபத்தொன்று. ரயிலில் ராத்திரி முழுக்க நிமிர்ந்து உட்கார்ந்தே வந்தவள்.

"அம்மா, எங்க போயிட்ட? உன்னை எங்கெல்லாம் தேடுறது?"

வீட்டு ஆள் கூட இருந்தால் பெரியவர்களைச் சேர்த்துக்கொள்வார்கள். மேசைப் பெண் இரண்டு அடையாள அட்டைகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தாள். அம்மாவுக்கு ஒரு குடும்பப் பெயர், மகளுக்கு ஒரு குடும்பப் பெயர் என்பதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை, கல்யாணமானாலும் பெண்கள் பிறந்த வீட்டுப் பெயரை மாற்றுவதில்லை, எல்லா வீட்டிலும் அப்படித்தான். ஆனால் ஊர்?

"நீங்க ஷான்டோங், பொண்ணு ஹுனான்னு போட்டிருக்கே?"

"பொறந்த ஊரை விட்டுத் தூரமா கட்டிக் கொடுத்துட்டாங்கம்மா," என்றாள் அந்த அம்மாள், கண்ணில் ஒரு துளிக் கூச்சமில்லாமல்.

இப்படித்தான் அந்த அம்மாளுக்கு, தாவ் அத்தைக்கு, கட்டில் கிடைத்தது.

அறைக்குப் போனதும் அத்தை நிஜமாகவே அம்மாவாகிவிட்டாள். ஈரத் தலையோடு இருக்காதே என்று துண்டை எறிந்தாள். இரண்டு கப் நூடுல்ஸில் பிளாஸ்க்கிலிருந்து வெந்நீர் ஊற்றி, ஊறுகாயைப் பிரித்துப் போட்டாள். மெங்யாவுக்குத் திட்டு வாங்குவது சுகமாக இருந்தது. ஜன்னலுக்கு வெளியே சாயங்கால மழை, கையில் சூடான கப். இதைவிட வேறென்ன வேண்டும் என்று நினைத்தாள்.

அப்போதுதான் போன் அடித்தது. அம்மா. வீடியோ கால்.

மெங்யா கப்பைக் கீழே வைத்தாள். விடுமுறையிலும் காலேஜ் ஹாஸ்டலிலேயே தங்கி மேற்படிப்புத் தேர்வுக்குப் படிப்பதாகச் சொல்லியிருந்தாள். தெரிந்தால் அம்மா ஒரே வார்த்தையில் பயணத்தை முடித்துவிடுவாள். அடுத்துப் போகவிருந்த செங்டு போச்சு, லான்சோவ் போச்சு. தேர்வு, வேலை என்று ஆன பிறகு இப்படி முதுகில் பையோடு ஊர் ஊராகச் சுற்ற யார் விடப்போகிறார்கள்?

எடுக்காவிட்டால் இன்னும் சந்தேகம். பின்னால் வெறும் சுவர் தெரிகிற மாதிரி உட்கார்ந்து எடுத்தாள்.

"சாப்பிட்டியா? படிக்கிறியா? பக்கத்துல யாரு பேச்சுக் குரல்?"

திரை முழுக்க அம்மாவின் முகம். வசந்தத்தில் ஐம்பது வயதாகி நூல் ஆலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு இப்படித்தான், போனை மூக்கோடு ஒட்டிவைத்துக்கொண்டு பேசுகிறாள். மெங்யா வாயைத் திறப்பதற்குள் தாவ் அத்தை போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"நான் ஹாஸ்டல் வார்டன் பேசுறேன். உங்க பொண்ணு தங்கமான பொண்ணு, புத்தகமும் கையுமாத்தான் இருக்கா. நாங்கதான் அடிச்சுப் பிடிச்சுச் சாப்பிட வைக்கிறோம்."

பேசிக்கொண்டே அத்தை வெளிச்சத்துக்காக ஜன்னல் பக்கம் திரும்பினாள். அவள் தோளுக்குப் பின்னால் ஆற்றின் மேல் சோங்சிங்கின் பேர்போன கேபிள் கார் ஒன்று சாவகாசமாக ஊர்ந்து போனது. மெங்யா இரண்டு கையையும் ஆட்டினாள். அத்தை பார்க்கவில்லை.

அம்மா மேற்கொண்டு எதுவும் கேட்காமல், "ரொம்ப நன்றிங்க, பாத்துக்கோங்க," என்று வைத்துவிட்டாள்.

மெங்யா மூச்சு விட்டாள். தப்பித்தாயிற்று.

தாவ் அத்தை மட்டும் போனைத் திருப்பிக் கொடுக்காமல் யோசித்தாள்.

"உங்க வீட்ல அடுக்குக் கட்டிலா போட்டிருக்கீங்க?"

"இல்லையே. ஏன்?"

"போனை வைக்கும்போது உங்கம்மா கை இறங்கிடுச்சு. பின்னாடி மேல் கட்டில், பச்சைத் திரை, எட்டாம் நம்பர். சியான் ஊர் விடுதியில போன வாரம் நான் அந்தக் கட்டில்லதான் படுத்திருந்தேன்." அத்தை குரலைத் தாழ்த்தினாள். "அங்கயும் நாப்பத்தஞ்சுதான். எவளோ ஒரு பொண்ணு உன்னை மாதிரி அம்மான்னு கூப்பிட மனசு வச்சிருக்கா."

மெங்யாவுக்குக் கோபம் வரும் என்று பார்த்தால் வரவில்லை. சிரிப்புதான் வந்தது. அம்மா முதுகில் பையோடு! ஊர் தாண்டிப் போக அத்தனை பயப்படுகிற அம்மா! முகம் தெரியாத அந்தப் பெண் மீது கொஞ்சம் பொறாமையும் வந்தது, அதையும் மறைப்பானேன்.

நெடுநேரம் யோசித்து ஒரு வரி அனுப்பினாள்.

"அம்மா, சியான்ல ராத்திரி குளிருமாம். இன்னொரு போர்வை கேட்டு வாங்கிக்கோ."

மறுமுனையில் எழுதுவதும் நிறுத்துவதுமாகத் தெரிந்தது. நூடுல்ஸ் ஆறிப்போன பிறகு பதில் வந்தது.

"வாங்கிட்டேன். சோங்சிங்ல படியெல்லாம் வழுக்கும், பாத்து இறங்கு. அப்பா போன் பண்ணா, நான் குளிக்கப் போயிருக்கேன்னு சொல்லு. உன் காலேஜ் பக்கத்துல ரூம் எடுத்து, நீ படிக்கறதுக்காக உனக்குச் சமைச்சுப் போடப் போறேன்னு அவர்கிட்ட சொல்லித்தான் வந்திருக்கேன்."