சமையலறையில் அலறிய மணவளையம்

கையில் மாட்டியிருந்த மணவளையம் கீகீயென்று அலறியதில் சபேசனின் காபி தளும்பியது. மனைவியைத் தவிர வேறு யாரைப் பார்த்து மனம் துள்ளினாலும் கத்துவதுதான் அதன் வேலை. அலுவலகத்து நளினி அருகில் வரும்போது அது வாயைத் திறக்கக் கூடாதென்று, அதில் மனைவி என்ற இடத்தில் போன மாதமே நளினியின் பெயரைப் பதிந்துவிட்டார்.

இப்போது எதிரில் இருந்தவள் கட்டிய மனைவி வசுமதி. கன்னத்தில் தோசைமாவோடு ஏதோ பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தவள் திரும்பினாள்.

"என்னைப் பார்த்தா கத்துது?"

"பேட்டரி மக்கர் பண்ணுது, வசு."

"பேட்டரிக்குக் காது சிவக்குமா?"

அந்தச் சிவந்த காதுகளைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு என்னவோ செய்தது. மறுகணம் அவள் கை வளையமும் அலறியது.

"உன்னுது ஏன்டி கத்துது?"

"நீங்க யார் பேரைப் போட்டிருக்கீங்கன்னு மொதல்ல சொல்லுங்க, அப்புறம் நான் சொல்றேன்."