நர்ஸம்மா வளர்த்த மீன்

கிட்டே வந்து உட்காருங்கள் கண்ணுகளா, ஒரு மீன்தொட்டிக் கதை சொல்கிறேன்.

முப்பது வருஷம் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் ஒருத்தி. அவளிடம் புதுத் தொட்டியையும் இரண்டு தங்க மீன்களையும் ஒப்படைத்துவிட்டு, மகள் வேலை விஷயமாக வெளியூர் போனாள்.

"ஒரு மாசத்துல வந்துடுவேம்மா. மீனு பத்திரம்."

நர்ஸம்மா தினமும் கால்வாசித் தண்ணீரை மாற்றினாள். ஆனாலும் சோதனை மருந்து விட்டால் நீர் பச்சையாகவே மாறியது, மீன் கழிவிலிருந்து ஊறும் அம்மோனியா நஞ்சு குறையவில்லை. மூன்றாவது வாரம் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூச்சுக்குத் திணறின.

"எல்லாம் நீங்க அள்ளிப் போடற தீனியாலதான்" என்று கணவரைச் சாடினாள்.

"நாலே நாலு உருண்டை. எனக்கு நீ போடற டிபன் மாதிரி அளந்துதான் போடறேன்."

மீன் கடைக்காரரை வரவழைத்தார்கள். தொட்டிக்குள் எட்டிப் பார்த்தவர், "வடிகட்டிப் பஞ்சு எங்கம்மா?" என்றார்.

நர்ஸம்மா பெருமையோடு துணிக்கொடியைக் காட்டினாள். பஞ்சு பளிச்சென்று காய்ந்துகொண்டிருந்தது. "தினமும் கொதிக்கிற தண்ணியில அலசிடுவேன்."

கடைக்காரர் தலையில் கை வைத்தார். "அம்மோனியாவைத் தின்கிற நல்ல கிருமி அதுலதாம்மா குடியிருக்கும். தினமும் குடும்பத்தோட வேக வச்சிருக்கீங்களே."

தன் கடைத் தொட்டியிலிருந்து ஒரு கறுத்த பஞ்சைக் கொண்டுவந்து போட்டார்.

"இதுக்கு இனிமே நான் காவல்" என்றார் கணவர்.

மகள் வந்தபோது மீன்கள் துள்ளிக்கொண்டிருந்தன.

அந்த நர்ஸம்மா யார் என்கிறீர்களா? கறுத்த பஞ்சைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் கை துறுதுறுக்கிறது. உங்கள் வீட்டில் வேண்டிய அழுக்கு கொஞ்சம் தங்கட்டும். உயிர்கள் எல்லாம் தழைக்கட்டும்.